புயல் போன பிறகு செல்போன் ஏன் ஊமையாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கடலோர மாவட்டங்களில் இந்தக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். 2015 சென்னை வெள்ளம், 2016 வர்தா, 2017 ஒக்கி, 2018 கஜா, 2023 டிசம்பரில் அடுத்தடுத்து வந்த மிக்ஜாம் புயலும் நெல்லை-தூத்துக்குடி பெருமழையும்: பதில்கள் பெரும்பாலும் இவற்றை வைத்தே சொல்லப்பட்டவை. வெளிநாட்டு உதாரணம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஜப்பானுக்கும் டோங்காவுக்கும் போயிருக்கிறேன்.

டவர் சாய்வதால்தானே சிக்னல் போகிறது?

சில இடங்களில் சாய்கிறது. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மடங்கிக் கிடந்த கோபுரங்களின் படங்கள் வந்தன. அவைதான் எல்லோர் மனதிலும் நிற்கின்றன. ஆனால் போன் செத்துப்போன ஊர்களில் பெரும்பாலானவற்றில் டவர் நின்ற இடத்தில்தான் நின்றது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்தபோது வானிலை மையம் சொன்ன வேகம் 100 முதல் 110, இடையிடையே 120. ஒழுங்காகக் கட்டிப் பராமரித்த கோபுரம் அதைத் தாங்கிவிடும். தாங்காதது கரண்ட் கம்பம். அந்த ஒரு புயலில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் வராத டவர் வெறும் இரும்புதான்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படித்தால் போதும். மற்ற பாதிக் கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

காற்று அடித்த இரவில் பேச முடிந்தது. புயல் போய், மறுநாள் மதியம்தான் போன் போனது. அது எப்படி?

ஒவ்வொரு டவரின் காலடியிலும் ஒரு பெட்டிக்குள் 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும். கரண்ட் போனதும் டவர் அதில் ஓடும். எத்தனை மணி நேரம் என்பது இடத்துக்கு இடம் மாறும்: நல்ல பேட்டரி என்றால் நான்கு முதல் எட்டு மணி நேரம், பழசானால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரே கோபுரத்தில் இன்று இரண்டு மூன்று கம்பெனிகளின் 2ஜி, 4ஜி, 5ஜி எல்லாம் தொங்குகின்றன. அத்தனையும் சேர்ந்து இழுத்தால் பேட்டரி சீக்கிரம் காலியாகும்.

அதனால்தான் நெட்வொர்க் ஒரே அடியாகப் போவதில்லை. முதலில் மாடி மேல் வைத்த, ஜெனரேட்டர் இல்லாத சின்ன டவர்கள் அணையும். அங்கே இருந்த கூட்டம் பக்கத்து டவர் மேல் ஏறும், அது திணறும். பிறகு ஜெனரேட்டர் டவர்கள் ஒவ்வொன்றாக டீசல் தீர்ந்து நிற்கும். புயல் அடித்த இரவைவிட இரண்டாம் நாள் மோசமாக இருப்பது இப்படித்தான். புயல் போய்விட்டது, இனி பேசிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். பேச வேண்டியதை முதல் சில மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள்.

ஜெனரேட்டர்தான் இருக்கிறதே, டீசல் ஊற்றினால் போதாதா?

போதும், ஊற்றுகிறவர் டவர் வரை போய்ச் சேர முடிந்தால். கஜாவுக்கு மறுநாள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை பக்கம் சாலையெல்லாம் தென்னை. வண்டி போகாது. டெக்னீஷியன் பைக்கில் இரண்டு கேன் டீசலைக் கட்டிக்கொண்டு, மரம் வெட்டிய இடைவெளியில் நுழைந்து போக வேண்டும். அவர் பொறுப்பில் ஒரு டவர் இருக்காது, பல டவர் இருக்கும். பெட்ரோல் பங்கிலும் கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது. அவர் வீட்டுக் கூரையும் அதே காற்றில்தான் போயிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

வெள்ளத்தில் கதை வேறு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாற்றங்கரையில் தண்ணீர் ஏறியபோது தரையோடு வைத்திருந்த ஜெனரேட்டரும் பேட்டரியும் முழுகின. முழுகிய ஜெனரேட்டருக்கு டீசல் எதற்கு? போதாததற்கு, வெள்ளம் புகுந்த பகுதிகளில் மின்சாரத்தை வாரியமே நிறுத்தி வைக்கும். நிறுத்தாவிட்டால் தண்ணீரில் கால் வைத்தவர்கள் செத்துப்போவார்கள். ஆகவே டவர் நன்றாக இருந்தாலும் தண்ணீர் வடியும்வரை கரண்ட் வராது.

போனில் கோடு முழுசாகத் தெரிகிறது. கால் போகவில்லை, நெட்டும் இல்லை. போனில் கோளாறா?

போனில் ஒன்றும் இல்லை. அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் போனுக்கும் பக்கத்து டவருக்கும் நடுவே உள்ள ரேடியோ அலையின் பலத்தை மட்டும்தான். டவரிலிருந்து கம்பெனியின் மையம் வரை போகிற வழி அறுந்திருந்தால் அது கோட்டில் தெரியாது. அந்த வழி இரண்டு வகை. ஒன்று கண்ணாடி இழை கேபிள். இன்னொன்று, டவர் மேல் மத்தளம் மாதிரி உருண்டையாக இருக்கிறதே, அந்த மைக்ரோவேவ் டிஷ். டிஷ் எதிரே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு டிஷ்ஷை நேராகப் பார்க்க வேண்டும். காற்றில் துளி திரும்பினாலும் இணைப்பு போய்விடும். அதை நேராக்க ஆள் டவர் மேல் ஏற வேண்டும்; காற்று அடங்கும்வரை யாரையும் ஏற விடமாட்டார்கள்.

கேபிள் பூமிக்கடியில்தானே போகிறது? அது எப்படி அறுகிறது?

எல்லாம் பூமிக்கடியில் போவதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைய இணைப்பில் பெரும்பங்கு இன்னும் கம்பத்துக்குக் கம்பம், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தொங்கிக்கொண்டுதான் போகிறது. கம்பம் விழுந்தால் அதுவும் விழும்.

புதைத்த கேபிளுக்கு எதிரிகள் மூன்று. ஒன்று, வேரோடு சாயும் மரம். பக்கத்தில் போகும் கேபிளை வேர் தூக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டு, வெள்ளத்தில் அரிக்கப்படும் சாலையோரமும் பாலமும். ஆறுகளைக் கேபிள் பெரும்பாலும் பாலத்தை ஒட்டித்தான் கடக்கிறது. மூன்றாவது ஜேசிபி. புயலில் தப்பிய கேபிள், புயலுக்குப் பிறகு மரம் அகற்ற வந்த ஜேசிபியிலும் புதுக் கம்பம் நட எடுத்த குழியிலும் போவதைக் களத்தில் இருக்கும் எவரும் சொல்வார்கள். ஒரு துறை சரிசெய்யும் வேகத்தில் இன்னொரு துறையின் வேலை கெடுகிறது. என்னைக் கேட்டால் மீட்புப் பணியில் மிகக் குறைவாகப் பேசப்படுகிற விஷயம் இது. ஜேசிபி போகும் இடத்தில் கேபிள்காரர் ஒருவர் நின்றால் பாதி வேலை மிச்சம்.

அறுந்த கேபிளை ஒட்ட ஏன் அவ்வளவு நேரம்?

முதலில் எங்கே அறுந்தது என்று தெரிய வேண்டும். ஓடிடிஆர் என்ற கருவி கேபிளின் ஒரு முனையில் ஒளித்துடிப்பை அனுப்பி, அது எங்கிருந்து திரும்புகிறது என்று பார்த்து, 'இங்கிருந்து 11.4 கிலோமீட்டரில்' என்கிற மாதிரி சொல்லிவிடும். ஆனால் அது கேபிளின் நீளம். வழியில் சுருட்டி வைத்த கேபிளும் அதில் சேர்த்தி. ஆகவே அந்த இடத்துக்குப் போய் முன்னும் பின்னும் தேட வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு ஒட்டு வேலை. மேல் உறையை உரித்தால் உள்ளே முடி போன்ற இழைகள், நிற வரிசையில்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று போகும். இந்தப் பக்கத்து நீலம் அந்தப் பக்கத்து நீலத்தோடுதான் சேர வேண்டும். ஒவ்வொரு இழையையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்தால், திரையில் இரண்டு முனையும் பெரிதாகத் தெரியும். ஒரு மின்பொறி, இரண்டும் உருகி ஒன்றாகும். அதன் மேல் ஒரு குழாயைச் சுருக்கி மூடினால் ஓர் இழை முடிந்தது. இப்படி 24, 48, சில நேரம் 96. நடுவே தூசியோ தூறலோ பட்டால் மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும். சாலையோரம் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, இன்னொருவர் குந்தியிருந்து இதைச் செய்வார். அறுந்தது ஓரிடம் என்றால் சில மணி நேரம். கம்பம் கம்பமாக விழுந்த பாதை என்றால் ஒட்டுவதைவிடப் புதுக் கேபிள் இழுப்பதே மேல்.

எல்லாம் நன்றாக இருந்தும் 'நெட்வொர்க் பிஸி' என்கிறதே?

நிலநடுக்கம் போல எதிர்பாராமல் வருவதில் இதுதான் முதல் பிரச்சினை. ஒரே நிமிடத்தில் ஊரே போனை எடுக்கிறது. ஒரு டவர் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அழைப்புகளுக்கு அளவு உண்டு. எல்லோரும் ஒன்றாகப் பேசுவார்கள் என்று யாரும் டவர் கட்டுவதில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, என்டிடி டோகோமோ குரல் அழைப்புகளில் 90 சதவீதம் வரை தானே தடுத்து நிறுத்தியது. டேட்டாவில் தடுத்தது 30 சதவீதம் வரைதான். நெட்வொர்க் முழுதாகச் சரிந்து ஆம்புலன்ஸ் அழைப்பும் போகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்வார்கள். இந்தியாவிலும் பேரிடர் நேரத்தில் அரசு அதிகாரிகள், மீட்புப் படையினரின் எண்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு தொலைத்தொடர்புத் துறை விதிகளில் இருக்கிறது.

அந்த நேரத்தில் பத்து முறை ரீடயல் அடிப்பது பத்துப் பேரின் வழியை அடைப்பது. ஒரு முறை பாருங்கள், போகவில்லை என்றால் மெசேஜ்.

எஸ்எம்எஸ் அனுப்புவதா, வாட்ஸ்அப்பா?

சிக்னல் வந்து வந்து போகிறது என்றால் எஸ்எம்எஸ். அதற்கு வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். எதிராளியின் போன் அணைந்திருந்தாலும் கம்பெனியின் மையத்தில் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் போய்ச் சேரும். டேட்டா இல்லாத பழைய பட்டன் போனிலும் வேலை செய்யும். வாட்ஸ்அப்பும் காத்திருந்து அனுப்பும். ஆனால் இரண்டு பக்கமும் டேட்டா வேண்டும். வாய்ஸ் நோட், வீடியோ, 'குட் மார்னிங்' படம் எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள்.

என்ன எழுதுவது? பெயர், இடம், எத்தனை பேர், என்ன நிலை. 'நாலு பேரும் நலம். மன்னார்குடி அத்தை வீட்டில். கரண்ட் இல்லை, போன் இரவு 7-க்கு ஆன்.' இவ்வளவுதான்.

என் கம்பெனி டவர் போய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனி, பேசுகிறார். அதை நான் பயன்படுத்த முடியாதா?

முடியும், அரசு அந்த வசதியைத் திறந்துவிட்டால். 'இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்' என்று பெயர், சுருக்கமாக ஐசிஆர். எந்தக் கம்பெனி டவர் உயிரோடு இருக்கிறதோ அதில் எல்லாக் கம்பெனி சிம்மும் ஏறிக்கொள்ளலாம், தனிக் கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இதைத் திறந்தார்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது. போன் தானாக ஏறாவிட்டால் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் போய், 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்தால் அந்த இடத்தில் கிடைக்கும் நெட்வொர்க்குகளின் பட்டியல் வரும். ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். நிலைமை சரியானதும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்புங்கள்.

ஐசிஆர் திறக்காவிட்டாலும் 112 மட்டும் எந்தக் கம்பெனி டவர் வழியாகவும் போகும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வருவதன் பொருள் அதுதான்.

இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தால் பாதுகாப்புதானே?

கொஞ்சம். நினைக்கிற அளவுக்கு இல்லை. கோபுரத்தைக் கட்டி வாடகைக்கு விடுவது தனிக் கம்பெனி; அதன் ஒரே கோபுரத்தில், ஒரே பேட்டரியில், ஒரே ஜெனரேட்டரில் உங்கள் இரண்டு சிம்மும் தொங்கிக்கொண்டிருக்கலாம். டீசல் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டில் ஒன்று பிஎஸ்என்எல் என்றால் தனி டவராக இருக்க வாய்ப்பு கூடுதல். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவின்போது சூரல்மலையில் நின்ற பிஎஸ்என்எல் டவர்தான் மீட்புக் குழுவினருக்குக் கைகொடுத்தது.

பழைய லேண்ட்லைனை வெட்டாமல் வைத்திருந்தால் நல்லதா?

செம்புக் கம்பி லேண்ட்லைனாக இருந்தால் நல்லது. அதற்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். வீடு இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். ஆனால் இன்று 'லேண்ட்லைன்' என்று வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஃபைபர் மோடத்தில் சொருகிய போன். மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். பெரும்பாலான மோடம் 12 வோல்ட்டில் ஓடும். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. சில மணி நேரம் ஓட்டும். உங்கள் தெருவுக்கு வரும் கேபிள் கம்பத்தில் தொங்குகிறது என்றால் அந்த யுபிஎஸ்ஸும் வீண்.

ஜிபே, போன்பே எல்லாம் என்னவாகும்?

வேலை செய்யாது. பணத்தைக் கையில் வையுங்கள், பத்து இருபது ஐம்பது ரூபாய் நோட்டாக.

சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வர்தா 2016 டிசம்பர் 12-ல் வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் இல்லை, வங்கியில் வரிசை, கார்டு தேய்க்கலாம் என்றால் கடையில் கரண்டும் இல்லை, மெஷினுக்கு நெட்வொர்க்கும் இல்லை. பால் பாக்கெட்டுக்குக் கடன் சொல்லிய வாரம் அது. அதே புயலில் தன் கடலடி கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதாக ஏர்டெல் அறிவித்தது. டவர் இருந்த இடங்களிலும் இணையம் ஊர்ந்தது. டேட்டா இல்லாமல் *99# அடித்துப் பணம் அனுப்பும் வழி ஒன்று உண்டு. அதற்கும் சிக்னல் வேண்டும், எதிரே கடைக்காரருக்கும் பணம் வந்ததா என்று தெரிய வேண்டும். காகித நோட்டே மேல்.

கடலடி கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

சென்னை போன்ற ஊரில் வேறு கேபிள்கள் இருக்கின்றன. வேகம் குறையும், நிற்காது. ஒரே கேபிளை நம்பியிருக்கும் தீவுக்குத்தான் ஆபத்து. 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்தபோது பசிபிக் தீவு நாடான டோங்காவையும் ஃபிஜியையும் இணைத்த 827 கி.மீ. கேபிள் துண்டு துண்டாகப் போனது. 'ரிலையன்ஸ்' என்ற பழுதுபார்ப்புக் கப்பல் பப்புவா நியூ கினியிலிருந்து வந்து சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. டோங்காவின் வெளித் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்வது அடுத்த ஆண்டு வரை இழுத்தது.

நமக்கு நெருக்கமான இடம் அந்தமான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கேபிள் போகும்வரை அந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. 2004 சுனாமியின்போது அங்கே நடந்ததை அடுத்த பதிலில் பாருங்கள்.

ஹாம் ரேடியோ என்கிறார்களே, அதெல்லாம் இன்றும் உதவுமா?

உதவும். உரிமம் பெற்ற ஆர்வலர்கள் ரேடியோ அலையில் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை அது. அதற்கு டவரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். ஒரு ரேடியோ பெட்டி, கார் பேட்டரி, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பி போதும். 2004 டிசம்பரில் ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேயரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதுதான் அவர்கள் வந்த நோக்கம். பொழுதுபோக்குப் பயணம் என்றே வையுங்கள். 26-ம் தேதி சுனாமி வந்து தொடர்பெல்லாம் அறுந்ததும் அந்த நிலையத்தையே அவசரத் தொடர்புக்குத் திருப்பினார்கள். நிகோபாரில் இருந்தவர்களின் நலம் விசாரித்த கேள்விகளும் பதில்களும் அந்த வழியாகப் போயின.

உரிமம் எடுக்க மத்திய அரசின் தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். ஊருக்கு இரண்டு பேர் எடுத்தால்கூடப் பெரிய விஷயம். இளைஞர்களை இதில் இழுக்க எந்தக் கல்லூரியும் முனைவதில்லை என்பது என் பழைய குறை.

சாட்டிலைட் போன் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. இந்தியாவில் துரையா, இரிடியம் போன்களை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே கைதானதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் அன்பாக வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி பெற்றவர்களுக்கு பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் போன் கிடைக்கும். மீட்புப் படையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

கடலுக்குப் போனவர்களுக்கு எப்படிச் செய்தி சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாததன் விலையை 2017 நவம்பர் 30-ல் கன்னியாகுமரி மாவட்டம் கொடுத்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள்; கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளி இருப்பார்கள். கரை செல்போன் டவர் எட்டுவது சில மைல் தூரம்தான். படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் படகுக்குப் படகு சில பத்து மைல். ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாறியது. எச்சரிக்கை வந்தபோது அதைக் கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு சில ஏற்பாடுகள் வந்தன. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது: ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி புளூடூத்தில் போனுக்குத் தரும். ஆனால் ஒருவழிதான், படகிலிருந்து 'காப்பாற்று' என்று சொல்ல முடியாது. அடுத்து இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இருவழி டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். ஆபத்தில் அழுத்த ஒரு பொத்தானும் அதில் உண்டு. பாம்பனில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4-ல் மீனவர்களுக்காகவே ஓடுகிறது. பக்கத்துக் கடலில் இருப்பவர்களுக்கு அது காதில் விழும்.

வானொலி இன்னும் தேவையா?

தேவை. பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2015 வெள்ளத்தில் கடலூரில் 107.8 பண்பலையில் 'பேரிடர் கால வானொலி' என்றே ஒன்றைத் தற்காலிகமாக நடத்தினார்கள். எங்கே மருத்துவ முகாம், எங்கே குடிநீர் என்று உள்ளூர்ச் செய்தி சொன்னது. நெட்வொர்க் இல்லாத நேரத்தில் மக்களுக்கு வேண்டியது அந்த மாதிரித் தகவல்தான், தலைநகரத்து விவாதம் வேண்டாம்.

ஒருநாள் எல்லா போனும் சத்தமாக அலறியதே, அது எதற்கு?

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்த செல் பிராட்காஸ்ட் சோதனை அது. ஒரு டவரின் எல்லையில் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். யார் எண்ணும் தேவையில்லை, நெரிசலும் பாதிக்காது. எச்சரிக்கைக்கு அருமையான வழி. ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே புயலுக்கு முன்பு இது உதவும், பின்பு உதவாது. போனில் அந்த எச்சரிக்கையை எரிச்சலில் அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் அப்பா, அம்மா போன் எடுக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் இதைச் சொல்ல வேண்டும்: இரண்டு நாள் பதில் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள், சார்ஜ் இல்லை. கஜாவுக்குப் பிறகு டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரக்கணக்கானது. வாடகை ஜெனரேட்டர் வைத்து ஒரு போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் அப்பா அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

ஓர் எஸ்எம்எஸ் அனுப்பி வைத்துவிட்டு, ஊரில் யாரிடம் ஜெனரேட்டரோ சோலாரோ இருக்கிறது என்று யோசியுங்கள்: ரைஸ் மில், கல்யாண மண்டபம், பேருந்து நிலையத்துக் கடை, ஊராட்சித் தலைவர். அவர்களில் ஒருவர் போன் உயிரோடு இருக்கும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. வெளியிலிருந்து அடித்தால் அந்தந்த எஸ்டிடி கோடு சேர்க்க வேண்டும். அங்கே அடித்தால் ஊர், தெரு, வயது, மருந்து தேவையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'எங்க அம்மாவைக் காணோம், அதிகம் பகிரவும்' என்று முகநூலில் போட்டால், அம்மா பேசிய பிறகும் அந்தப் பதிவு மூன்று நாள் சுற்றி மீட்புக்காரர்களை அலைக்கழிக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஆள் கிடைத்ததும் நீக்குங்கள்.

ஜப்பானில் இதற்கென்றே 171 என்ற எண் 1998 முதல் இருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்தில் பட்ட அனுபவத்தில் வந்தது. அதில் தன் தொலைபேசி எண்ணின் கீழ் 'நான் நலம்' என்று குரல் பதிவு செய்துவிட்டால் உறவினர் அதே எண்ணை அடித்துக் கேட்டுக்கொள்ளலாம். யாரும் யாரையும் நேரடியாக அழைக்க வேண்டியதில்லை. நம் ஊருக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் எந்த ஊருக்குச் சிக்னல் வரும்?

கலெக்டர் அலுவலகம், அரசு மருத்துவமனை, துணை மின்நிலையம், நெடுஞ்சாலை. பிறகு 'ஹப்' டவர்கள்: ஒரு ஹப் உயிர் பெற்றால் அதை நம்பியிருக்கும் பத்துப் பதினைந்து டவர்களுக்கு வழி திறக்கும். கடைக்கோடிக் கிராமத்து டவர் கடைசிதான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு அவர்கள் நிலை தெரிவதே பெரும்பாடானது. அங்கே டவரைச் சரிசெய்யப் போக வேண்டியவர்களுக்கும் அதே வெள்ளம்தான் வழி மறித்தது. சில நேரம் சக்கரம் வைத்த தற்காலிக டவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதற்கும் சாலை வேண்டும்.

வீட்டில் என்ன தயார் செய்து வைப்பது?

பவர் பேங்க் இரண்டு, புயலுக்கு முன் முழுதாக ஏற்றி. முக்கியமான பத்து எண்களைக் காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக் உறையில். இன்று பெற்ற பிள்ளையின் எண்கூட யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஒரு பட்டன் போன், 2ஜி ஓடும் கம்பெனியின் சிம்மோடு (ஜியோவில் 2ஜி கிடையாது). ஒரு முறை ஏற்றினால் பல நாள் தாங்கும்.

சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஆனில் வைக்காதீர்கள். டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃப்ளைட் மோடில் போட்டு, காலை 8, இரவு 7 என்று குடும்பமே பேசிவைத்த நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் திறங்கள். மாடிக்குப் போய்த் திறந்தால் தூரத்து டவர் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும், இடி மின்னல் இல்லாதபோது.

ஒரு வாரம் நெட்வொர்க் இல்லை. ரீசார்ஜ் பணம் திரும்ப வருமா?

சட்டப்படி வராது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்குக் கட்டணக் கழிவும் பிரிபெய்டுக்குக் கூடுதல் நாளும் தர வேண்டும். ஆனால் இயற்கைப் பேரிடரால் முடங்கினால் அதில் விலக்கு உண்டு. கம்பெனிகள் தாமாகத் தந்தால்தான். 2015-ல் சில கம்பெனிகள் சென்னைக்கு இலவசப் பேச்சு நேரம் தந்தன. புயலுக்கு இரண்டு நாள் முன்பே ரீசார்ஜ் காலம் முடிகிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள், பெற்றோர் எண்ணுக்கும் சேர்த்து.